பரீட்சைக்கு ஒரு உடம்பு

— அது என் வலது கை மாப்ள. மறுபடியும் மாத்திட்ட.

— உங்களுக்கு எதிர்ல உக்காந்திருக்கேன்ல மாமா, எனக்கு அது இடது பக்கமாத்தான தெரியுது.

— உனக்கு எப்படித் தெரியுதுன்னு யாரு கேட்டா? எதிர்ல இருக்கிற உடம்புக்கு எது வலதோ அதுதான் வலது. உன் புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. நீதான் வாசிச்சுக் காட்டுன.

— பாருங்க, உங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

— ஆகாம? ஒரே பாடத்த மாசக்கணக்கா படிக்கிறவன உலகத்துலயே உன்னைத்தான் பாத்தேன். பஸ் ஓட்டுன காலத்துல நான் இப்படி இடது வலது மாத்தியிருந்தா, ஏறுன அத்தன பேரும் ஏதாவது கெணத்துலதான் எறங்கியிருப்பாங்க.

— அதான மாமா போன தடவ பெயிலானேன். நாளைக்கும் கோட்ட விட்டா பிசியோதெரபி படிப்பையே மூட்ட கட்ட வேண்டியதுதான்.

— நாளைக்காவது நடத்துவாங்களா? நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போறாங்களே.

— இந்தத் தடவ கண்டிப்பா நடக்கும் மாமா. வாங்க, அடுத்தது. நான் உங்க இடது கைய மடக்குறேன், நீங்க என்னன்னு சொல்லுங்க.

— மடக்குறது.

— இப்ப?

— நீட்டுறது.

— பக்கவாட்டுல தூக்குனா?

— நடுக்கோட்ட விட்டு விலக்குறது. திரும்பக் கொண்டு வந்தா சேக்குறது. ஏம்ப்பா, அந்தக் கையவே எதுக்கு இத்தன தடவ தூக்கித் தூக்கிப் போடுற? நல்ல கை ஒண்ணு சும்மாதான கெடக்கு.

— என் கைக்குப் பழக்கம் வரணும்ல மாமா.

— உன் கைக்குத்தான? அப்ப சரி. என் கைக்குன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிரு. முன்னாடி ஒருத்தன் வந்தானே, "விரல அசைங்க சார், கைய ஆட்டுங்க சார்"னு, செத்த கைக்கு டான்ஸ் கத்துக்குடுக்க.

— அவர வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்க.

— பின்ன? பக்கவாதம் வந்து இடது பக்கம் அப்படியே விழுந்துச்சு. காலு எப்படியோ திரும்பி வந்துருச்சு. கை வரல. வராதத வா வான்னு எத்தன நாளைக்குத்தான் கெஞ்சுறது? கேவலமா இருக்கு மாப்ள. முடிஞ்சது முடிஞ்சதுதான்னு விட்டுட்டேன்.

— ஏங்க, அங்க என்ன கத நடக்குது? நாளைக்குப் பரீட்சைங்க என் தம்பிக்கு!

— ஒன் தம்பிக்கு ஒடம்பையே வாடகைக்கு விட்டிருக்கேன்டி, இன்னும் என்ன பண்ணச் சொல்ற? நீ அடுப்பப் பாரு!

— மாமா, அந்த முதல் நிலை சொல்லுங்க. எல்லாத்தையும் அதுலேருந்துதான கணக்கு வெக்கணும்.

— நேரா நிக்கணும். மொகம் முன்னால. கை ரெண்டும் பக்கத்துல தொங்கணும். உள்ளங்கை முன்னால பாக்கணும். போலீஸ்காரன் சோதன போடுற மாதிரி, "என்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்லய்யா"ன்னு.

— ம்... ஆமா. அப்ப கட்டைவிரல் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

— வெளிப்பக்கம்.

— வலது கையில வெளிப்பக்கம்னா, இடது கையில உள்பக்கம்.

— அட கெரகமே! ரெண்டுலயும் வெளிப்பக்கம்தான்டா!

— உங்க இடது கை இதோ மேசையில கவுந்து கெடக்கு. கட்டைவிரல் உள்பக்கமாத்தான மாமா இருக்கு?

— உங்கக்கா கவுத்து வச்சிட்டுப் போயிருக்கா. மல்லாத்துனா வெளிய போயிரும்.

— எப்படிப் போகும்? எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது.

— எப்படிச் சொல்றது உனக்கு... வண்டி ஓட்டும்போது கண்டக்டர் வேர்க்கடலை குடுப்பான். நான் இந்தக் கைய மல்லாத்தி நீட்டுவேன். அந்த மாதிரி.

— கண்ண மூடிட்டு சொல்லுங்க மாமா. அப்பத்தான் எனக்கும் படமா ஓடும்.

— நான் கண்ண மூடுனா உனக்கு எப்படிய்யா படம் ஓடும்? சரி, மூடிட்டேன். வண்டி வளைவுல போகுது. வலது கை ஸ்டியரிங்ல. அவன் பக்கத்துல வந்து "அண்ணே, இந்தாங்க"ம்பான். நான் ரோட்ட விட்டுப் பார்வைய எடுக்க மாட்டேன். இடது கைய அப்படியே...

— அப்படியே?

— அப்படியே மல்லாத்துவேன். சூடா வந்து விழும் பாரு, உள்ளங்கையில.

— கட்டைவிரல் எந்தப் பக்கம் மாமா?

— வெளிப்பக்கம்தான்டா... இரு. முழங்கைக்குக் கீழ என்னமோ இழுக்குது. நீ கையப் புடிச்சிருக்கியா?

— நான் புத்தகத்தப் புடிச்சிருக்கேன் மாமா. ரெண்டு கையாலயும்.

— வெளாடாத.

— ஏங்க, டீ ஆறிடப் போ... அய்யோ. தம்பி, மாமா கைய நீயா திருப்பி வச்ச?

— நான் தொடவே இல்லக்கா.

— என்ன ஆச்சு? கண்ணத் தொறக்கட்டுமாடி? பயமா இருக்கு.

— தொறங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், தொறங்க.

— பாதிதான் திரும்பியிருக்கு.

— பாதி போதுங்க. பாதி வந்தா போதும்.

— அழாதடி. நீ அழுதா எனக்கும் வருது... மாப்ள, கட்டைவிரல் மேல பாத்துட்டு நிக்குதே, இதுக்கு உன் புத்தகத்துல என்ன பேரு?

— பாதி வழி வந்தாச்சுன்னு பேரு மாமா.

— அந்த மனுசன வாசலோட வெரட்டுனேனே. கூப்பிட்டா திரும்ப வருவானா?

— அவர் எதுக்கு? நான் இருக்கேன்ல.

— நீயா? நீ மொதல்ல பாஸ் பண்ணு. எந்திரி, போய் மிச்சத்தப் படி. இது இவ்வளவு நாள் கெடந்துச்சு, இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும். இதப் பாத்துட்டே உக்காந்து உன் பொழப்பக் கெடுத்துக்காத. நாளைக்கு இடது வலது மாத்தாம எழுதிட்டு வா, சாமி.

— மாமா...

— என்ன, அக்காவும் தம்பியும் மொகத்த மொகம் பாத்துக்குறீங்க?

— சொல்லிருடா. இனிமே எதுக்கு ஒளிக்கணும்?

— அந்தப் பரீட்சைய நான் எப்பவோ பாஸ் பண்ணிட்டேன் மாமா.