மாதத்துக்கு இரண்டு புள்ளி

சிலருக்குத் தூசி ஆகாது. எனக்குப் பேச்சு ஆகாது. மற்றபடி நான் யாருக்கும் தொந்தரவு இல்லாத ஆள், மேடம். எதிர்வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒருவன் அங்கே இருப்பதே தெரியாது என்பார்.

காது கேட்கும் கருவி விற்கும் கடையில் நான் பரிசோதகன். ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறைக்குள் வாடிக்கையாளரை உட்கார வைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வேன். என் மனைவியும் அப்படி வந்தவள்தான். சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு காதிலும் பாதி போயிருந்தது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அறையில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"சார், இப்ப கேட்டது நிஜ சத்தமா, என் மனசுக்குள்ள கேட்டதா? ரெண்டுக்கும் அழுத்தலாமா?"

சிரித்துவிட்டேன். ஆறு மாதத்தில் கல்யாணம். ஒருமுறை சிரித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அக்கா. என் மனைவிக்குப் பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலை. எட்டு மணி நேரம் பேசியவளுக்கு வாய் வலிக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அங்கே நடந்ததை எல்லாம் வீட்டில் மறுஒலிபரப்புச் செய்வாள், ஆண் குரல் பெண் குரல் எல்லாம் மாற்றி மாற்றி. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தொடர்வாள்.

கல்யாணமான மூன்றாம் வருடம் கடையில் எங்களை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனிதர்களின் சுபாவத்தைப் புரிந்துகொண்டு உறவுகளைச் சீராக்குவது எப்படி என்று. நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதியதும் பயிற்சியாளர் எங்களைப் பிரித்து நிறுத்தினார். அதட்டுகிறவர்கள் ஒரு மூலை, கலகலப்பானவர்கள் ஒரு மூலை, துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் ஒரு மூலை, அமைதியானவர்கள் ஒரு மூலை. என் மூலையில் நானும் இன்னொருவரும். அவர் கழிவறைக்கு வழி தேடி வந்தவர்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. என் மனைவி கெட்டவள் இல்லை, வேறு ரகம். அவள்மேல் இருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. இரண்டு ரகம் சேர்ந்து வாழ யாராவது ஒருவர் இறங்கி வரவேண்டும் என்றார் பயிற்சியாளர். நான் ஏற்கெனவே தரையில்தான் இருந்தேன்.

அவளுடைய கருவிகளை மாதம் ஒருமுறை நான்தான் சுத்தம் செய்வேன். அப்படியே கணினியில் இணைத்து ஒலியை இரண்டு புள்ளி குறைத்தேன். இரண்டு புள்ளி யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு.

ஐந்தாம் மாதம் அவளாகவே கேட்டாள்.

"என்னங்க, எல்லாரும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"காது இன்னும் இறங்கியிருக்கும். வயசாகுதில்ல?"

"எனக்கு முப்பத்திநாலுதானே?"

"சிலருக்குச் சீக்கிரமே ஆயிடும்."

கடைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனையும் செய்தேன். பரிசோதனை ஒலியையும் குறைத்துத்தான் அனுப்பினேன், முடிவு பொருந்த வேண்டுமே. வரைபடத்தில் கோடு கீழே போவதைக் காட்டியதும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அழுதாள். நல்ல அறை அது. வெளியே ஒரு சத்தம் வரவில்லை.

எட்டாம் மாதம், கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தைத் தவறான பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டாள். புகார் வந்தது. கவுண்டரிலிருந்து எடுத்துக் கோப்பு அறையில் போட்டார்கள். விசேஷ வீடுகளில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பாள். அதைப் பார்த்து மறுபடி சிரிப்பார்கள். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் முதலில் தொலைபேசியை விட்டாள், பிறகு தோழிகளை, கடைசியில் என்னிடமும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். கடிகாரம் ஓடுவது கேட்கும் வீடு. மாலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் மணவாழ்க்கையின் நல்ல காலம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

அவளுடைய அக்கா துருவிப் பார்க்கும் ரகம். அதை நான் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் வந்து, தங்கை ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

"வயசானா மனுஷங்க அமைதியாகிடுவாங்க, அக்கா."

"ரேடியோ தானா அமைதியாகாது தம்பி. யாராவது ஆஃப் பண்ணணும்."

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு அவளை வேறொரு கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். எந்த மாற்றம் செய்தாலும் கருவி அதைத் தேதியோடு தனக்குள் பதிந்துகொள்ளும். எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அந்தக் கடைப் பையன் பார்த்திருக்கிறான். பதினான்கு பதிவுகள்.

ஆமாம், பதினான்கும் நான் செய்தவைதான். கை தவறி ஒன்றுகூட இல்லை. வேலை போனது, தோழிகள் போனது, எல்லாம் என்னால்தான். வக்கீல் இப்படிச் சொல்லவேண்டாம் என்றார். அவர் கலகலப்பான ரகம், நாம் சொல்வதைக் கேட்கமாட்டார்.

நேற்று குடும்ப நீதிமன்றத்தின் இதே ஆலோசனை அறையில் அவளை என் எதிரே உட்காரவைத்தீர்கள். ஒலியைப் பழையபடி ஏற்றிவிட்டார்களாம். தாழ்வாரத்தில் வரும்போதே அவள் குரல் கேட்டது, அக்காவிடம் மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் நிறுத்திக்கொண்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தபடியே வலது கருவியைக் கழற்றினாள், பிறகு இடது. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

நீங்கள் உடனே ஏதோ குறித்துக்கொண்டீர்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்திவிடுங்கள், மேடம். மற்றவர்களிடம் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். என்னோடு இருக்கும்போதுதான் அவளுக்கு அமைதி கிடைக்கிறது.