ஐம்பத்திரண்டு என்று நான் நிரப்பிய கட்டம்

என் பெயர் கார்லண்ட் பெல்லி. வயது பதினேழு. தகப்பனார் பெயர் ஹெக்டர் பெல்லி. கனடா, நியூஃபவுண்ட்லாந்து, டக்லர்ஸ் கோவ், ஆலை சாலை, ஒன்பதாம் எண் வீட்டில் வசிக்கிறேன். நண்டு ஆலைத் தொழிலாளியான என் அக்கா டல்சி பெல்லி, குழந்தை வளர்ப்பு விடுப்புத் தொகையின் வகையை மாற்றித் தரக் கேட்டுச் செய்துள்ள மேல்முறையீட்டில் சாட்சியாகச் சொல்வதாவது:

சென்ற அக்டோபர் எட்டாம் தேதி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் கழித்தும் தையல் வலியால் அவளால் உட்கார முடியாததால், அவள் படுத்தபடி பதில் சொல்ல, நான் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பினேன். விடுப்பு எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு வருஷம்டா. ஆலைல லெட்டரே குடுத்துட்டாங்க. விளையாடாம போடு" என்றாள். குறுகிய வகை முப்பத்தைந்து வாரத்துக்கு மேல் ஏற்காததால், நீண்ட வகையைத் தேர்ந்து ஐம்பத்திரண்டு என்று போட்டேன். தாய்க்கான முதல் பதினைந்து வாரம் தனி, அதோடு குறுகிய வகையின் முப்பத்தைந்து சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிடும் என்பதும், நீண்ட வகையில் வாரத் தொகை குறையும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு பதினைந்து வாரம் முடிந்ததும் தொகை ஏறக்குறைய பாதியானது. அன்றே அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்த வகையில் முதல் தொகை வந்து சேர்ந்துவிட்டதால் இனி மாற்ற இயலாது என்றார்கள்.

அதன் பிறகு, அந்தத் தொகை போதாததால், ஏப்ரலில் நண்டுப் பருவம் தொடங்கியதும் அக்கா வேலைக்குப் போனாள். குழந்தை புட்டிப்பால் குடிப்பதில்லை. எனவே பகல் இடைவேளையில் நான் குழந்தையை ஆலை வாசலுக்குக் கொண்டுபோகிறேன். இருபது நிமிடத்தில் ஏழு நிமிடம் ரப்பர் உடுப்பைக் கழற்றவும் கை கழுவவும் போய்விடுகிறது. சங்கு ஊதும்போது குழந்தை வாயை எடுப்பதில்லை. அக்கா விரலால் விடுவிக்கிறாள்.

அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஈலை கீப்பிங் என்னிடம், "பிரின்ஸிபால் தபால் பெட்டில உயிரோட நண்டு விட்டவன்தானே நீ? வேடிக்கைக்கு மாத்திப் போட்டேன்னு சொல்லிடு. அப்ப அது உங்கக்கா எடுத்த முடிவே இல்லைன்னு ஆயிடும். ஊர்ல ஒருத்தன்கூட சந்தேகப்பட மாட்டான்" என்றார். அது சரிதான். நண்டைப் பற்றி இரண்டு புகார்கள் நிலுவையில் உள்ளன.

அன்று பகல் ஆலை வாசலில் அக்காவிடம் கேட்டேன். "அப்படியே சொல்லிடவாக்கா?"

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "உன் வாழ்க்கைல நீ ஒழுங்கா செஞ்ச ஒரே வேலைடா அது. அதையும் சேட்டைன்னு எழுதிக் குடுக்காத" என்றாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

குறும்புக்காகச் செய்தாயா என்று இப்போது கேட்கப்பட்டதற்கு, இல்லை என்கிறேன். சுவர் நாட்காட்டியில் வாரங்களை விரல் வைத்து இரண்டு முறை எண்ணிய பிறகே அந்த எண்ணைப் போட்டேன்.

நான் சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கா. பெல்லி