பூட்டிய பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் கைத்தடி

கூட்டம் தொடங்கியதிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அன்புத் தலைவர் வெண்டெல் ப்ரைஸ் அவர்களே! அனல் பறக்கும் கண்ணாடி உலைகளின் முன்னே ஆயுளையே ஊதிக்கொடுத்த ஆன்றோர்களே! கேக்கைச் சுட்டு எடுத்து வந்துவிட்டு, பேச்சு முடிந்தால்தான் வெட்டுவோம் என்று அடம்பிடிக்கும் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் களைத்த வணக்கம்.

ஆம், களைத்த வணக்கம்தான். நமது கலைக்கண்ணாடி அருங்காட்சியகத்தின் காப்பாளனாக இருந்து, ‘தொடாதீர்கள், தொடாதீர்கள்’ என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது. வண்ண விளக்குகளைக் காத்தேன், வானவில் மின்னும் பூச்சாடிகளைக் காத்தேன். யாருக்காகக் காத்தேன்? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

ஒடில் லாம்பேர் அம்மையாரை உங்களுக்குத் தெரியும். அவருடைய மாமனார் வேலை முடிந்த வேளையில் மிச்சக் கண்ணாடியில் முறுக்கிய கைத்தடியைப் போன ஆண்டு அம்மையார் நமக்குக் கொடுத்தார். அப்படி ஒரு தடி தொங்காத வீடு இந்த ஊரில் உண்டா? வீட்டு நோயெல்லாம் இரவில் அதில் வந்து ஒட்டும், காலையில் துடைத்தால் போய்விடும் என்று துடைக்காத கை உண்டா? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டுத் தடியை இன்று காலை துடைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவர் கணவர் எமில் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் கிடக்கிறார். நாளை அறுவை சிகிச்சை. போன வாரம் அம்மையார் வந்தார். தடியைத் திருப்பிக் கேட்கவில்லை. “பெட்டிய ஒரு நிமிஷம் தொறங்க சார். தொடச்சிட்டுப் போயிடுறேன். துணி நானே கொண்டாந்திருக்கேன்” என்றார். நிர்வாகக் குழு அனுமதிக்க வேண்டும் என்றேன். அன்றிலிருந்து தினமும் வந்து, பூட்டிய பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுப் போகிறார். வெளியே துடைத்து என்ன பயன் என்று காவலர் ராஸ்கோ கேட்டிருக்கிறார்.

“உள்ள விட மாட்டேங்குறீங்களே, வேற என்னய்யா பண்ணட்டும்?”

மூடநம்பிக்கை என்கிறது குழு. ஐயா, இந்த வசந்தத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதே தடியை நானும் துடைத்தேனே! நான் துடைத்தால் பராமரிப்பு, அவர் துடைத்தால் மூடத்தனமா? துடைத்தால் எமில் பிழைப்பாரா? எனக்குத் தெரியாது. துடைக்க விடாமல் அனுப்பினால் அந்த அம்மாள் இனி நிம்மதியாக உறங்குவாரா? மாட்டார். அது எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறக்கலாமா என்று தலைவர் உங்களைக் கை தூக்கச் சொல்வார். தூக்கினாலும் சரி, தூக்காவிட்டாலும் சரி. நாளைக் காலை, எமிலை அறுவை அறைக்குள் கொண்டுபோகுமுன், அந்தப் பெட்டியை நான் திறப்பேன். கண்ணாடியைக் காக்கத்தான் என்னை வைத்தீர்கள்; கண்ணாடி செய்தவர் வீட்டு மருமகளை வெளியே நிறுத்த அல்ல. திறந்தபின் சாவியை யாரிடம் தருவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், தந்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.

பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. வணக்கம்.