மாட்டுத்தாவணி வாசல்ல ஒரு கேலக்ஸி

…கொஞ்சமாச்சும் வெளுக்கணும்ல கண்ணுச்சாமிண்ணே! ரெண்டு மழ பேஞ்சிருச்சு, நீங்க அடிச்ச பிளெக்சு பேனரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல பளபளன்னு நிக்கிது. ஊருக்கெல்லாம் அடிச்சது வெளுக்குது, எனக்கு அடிச்சது மட்டும் வெளுக்க மாட்டேங்குது. அந்த மவுஸ விட்டுட்டு நான் சொல்றதக் கேளுங்க.

எங்க அக்கா மக இந்துப்ரியா இருக்காள்ல… கேலக்ஸி தேடுற புள்ள. அட, நட்சத்திரக் கூட்டம்ணே! ஒலகம் உண்டான புதுசுல பொறந்தது, அம்புட்டுத் தூரத்துல கெடக்குறது. டெலஸ்கோப்பு கேமராவுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி போடுவாளாம். ஒரே ஒரு செவப்பத்தான் உள்ள விடுமாம், மத்த வெளிச்சத்துக்கெல்லாம் கதவச் சாத்திரும். அதுல மட்டும் ஒரு புள்ளி பளிச்சின்னு தெரிஞ்சு, சாதாப் படத்துல காணலன்னா… அதான் பழைய ஆளு! ஒண்ணு சிக்கிருக்கு மாமான்னு போன் போட்டா பாருங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேரா ஒங்க கடைக்குத்தான வந்தேன்!

இப்ப என்னடான்னா, வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தாகளாம், அது கிட்டக்க இருக்கறதாம். அதோட வேறொரு வெளிச்சம் அதே செவப்புல வந்து விழுந்துருச்சாம். ஏண்ணே, கிட்டக்கன்னா என்ன, ஆரப்பாளையமா? அதுவும் கோடி கோடி மைலு!

நாளைக்குக் காலைல அவ புரொபசரு வாராரு. அழகருக்கு நேத்திக்கடனாம். பஸ்ஸ விட்டு எறங்குனா எதுத்தாப்புலயே நிக்கிது, 'உலகின் முதல் கேலக்ஸியைப் பிடித்த எங்கள் இந்துப்ரியா'. தமிழ் தெரியாதவருன்னா தப்பிச்சிருவேன், அவரு பூர்வீகம் மேலூரு! அவரு என்னயச் சரிபாக்காம தம்பட்டம் அடிக்கிறவளா நெனச்சிட்டா என் ஆராய்ச்சியே போச்சு மாமான்னு அழுவுறாண்ணே. புள்ள அழுது நான் கேட்டதே இல்ல.

என்னது… வெளிய சொல்லச் சொன்னாளாவா? ம்… இல்ல. 'சந்தேகந்தான் மாமா, இன்னும் சரிபாக்கணும், அம்மாட்டக்கூட மூச்சு விடாதீக'ன்னுதான் சொன்னா. அதான் அக்காட்ட நான் சொல்லவே இல்லயே. பிளெக்சுலதான போட்டேன்!

சிரிக்காதீகண்ணே. இப்பவே ஆளனுப்பிக் கழட்டுங்க. அவ மூஞ்சி தம்மாத்துண்டு, என் மூஞ்சி நாலு மடங்கு… யாரு போடச் சொன்னது? …நானா? சரி, விடுங்க.

கையோட இன்னொண்ணு அடிங்க. 'புரொபசரே வருக'. அம்புட்டுத்தான். கேலக்ஸி வேணாம், புள்ள பேரு வேணாம். என் போட்டோ மட்டும் ஓரத்துல, ஒரு புள்ளியாட்டம். கொஞ்சம் பளிச்சின்னு இருக்கட்டும்…

அண்ணே? பகல்லயே ஏண்ணே ஷட்டர எறக்குறீக?