பதினொரு செக்கன் மௌனம்

எனக்குத் தொண்டை கொஞ்சம் பலவீனம். அதிலிருந்தே தொடங்குவோம், எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. இருபத்தாறு வருடம் அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பித்தவனுக்கு வேறு எது தேயும்?

விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லித் தேநீரும் தந்திருக்கிறீர்கள். நன்றி. இரண்டாம் வருட மாணவி தனுஜா முத்துலிங்கம் இறப்பதற்கு முன் எங்களில் யாரிடமாவது உதவி கேட்டாளா என்பது உங்கள் கேள்வி. முதல் விசாரணையில் ‘கேட்கவில்லை’ என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அதைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது.

கொரோனா வந்த வருடம் எங்கள் மேட்டுநிலப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒரே கிழமையில் சூமுக்குக் குடிபெயர்ந்தது. பீடாதிபதி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மங்கல விளக்கேற்ற, நாங்கள் நூற்றிருபது பேர் அவரவர் வீட்டிலிருந்து கைதட்டும் பொத்தானை அழுத்தினோம். ‘மாணவர் உளநலமும் புதிய இயல்பும்’ என்பது அன்றைய தலைப்பு. முடிவில் உளநல வழிகாட்டல் பிரிவுக்கு ஓர் இணைப்பாளர் வேண்டும் என்றார்கள். அந்த நேரம் எனக்கு இணையம் அறுந்துபோனது. திரும்பி வந்தபோது இணைப்பாளர் நான்.

அந்த வருட விரிவுரைகள் பதினைந்தையும் பதிவு செய்து வைத்தேன். மாணவர் எவரும் கேள்வி கேட்பதில்லை. கறுப்புப் பெட்டிகள், பெட்டிக்குள் பெயர்கள், அவ்வளவுதான். ஆனாலும் வகுப்பென்றால் வகுப்பாக இருக்க வேண்டுமே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ‘கேள்விகள் உண்டா’ என்று கேட்பேன், பதினொரு செக்கன் காத்திருப்பேன், ‘மிக நல்ல கேள்வி, அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்’ என்று நானே சொல்லிக்கொள்வேன். இணைப்பாளர் என்ற முறையில் ஒவ்வொரு வகுப்பிலும் இதையும் சேர்த்தேன்: ‘மனதுக்கு ஏதாவது பாரமாக இருந்தால் இங்கேயே எனக்கு எழுதுங்கள். நான் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.’ சுற்றறிக்கை அப்படித்தான் கேட்டிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாமல் போக, வகுப்புகள் மறுபடியும் சூமுக்குப் போயின. தொண்டை ஒத்துழைக்கவில்லை. என் முகம் தெரிய வேண்டிய பெட்டியில் பழைய பதிவுகளை ஓடவிட்டேன். நேரடி வகுப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள், நினைப்பதற்கு யாராவது அங்கே இருந்திருந்தால். பதிவில் நான் ‘வெளியே நல்ல மழை’ என்று சொன்ன அன்று கண்டியில் வெயில் கொளுத்தியது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதை நீங்கள் ஏமாற்று என்று எழுதலாம். பாடம் என்னுடையது, குரல் என்னுடையது, முகமும் என்னுடையது. நான் மட்டும் இருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பை வீட்டில் ஓடவிட்டுப் பிலிமத்தலாவையில் பெற்றோல் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதிலிருந்த பொடியனின் சட்டைப் பையிலிருந்து என் குரல் கேட்டது. ஒரு முடிவுக்கு ஆதாரமான எடுகூற்று என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தேன். பொடியன் திரும்பினான். அக்குறணை ஹில்மி, என் மாணவன்.

“சேர்... நீங்க கிளாஸ்லயல்லவா ஈக்கிறீங்க?”

“நீரும் வகுப்பிலைதானே இருக்கிறீர்.”

“ஓ சேர். நல்லா வெளங்குது.”

“பிறகென்ன. முன்னாலை உருட்டும், வரிசை நகருது.”

உருட்டினான். பிறகு மறுபடியும் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

“சேர், சாட்ட பாத்தீங்களா? தனுஜா மூணு கெழமயா என்னமோ எழுதீக்கிறா. ஒரு மாதிரி ஈக்கி. நீங்க பதில் சொல்றீங்கதான், ஆனா...”

“ஆனா என்ன?”

அவன் தன் சட்டைப் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஒண்டுமில்ல சேர்.”

எண்பது வீத வகுப்பு வரவு இல்லாவிட்டால் அவனுக்குப் பரீட்சை இல்லை. வாயை மூடிக்கொள்ள இருவருக்கும் போதிய காரணம் இருந்தது.

வீட்டுக்குப் போய் வாசித்தேன். வகுப்பின் சாட்டில் அவள் எழுதியதையெல்லாம் கணினி சேமித்து வைத்திருந்தது. முதல் வாரம்: ‘கேட்டதுக்கு தேங்க்ஸ் சேர். தூக்கமே வர்றதில்ல. எதுக்கு எந்திரிக்கிறேன்னே தெரியல.’ மிக நல்ல கேள்வி, அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வாரம்: ‘போன வாரம் பாக்கலாம்னு சொன்னீங்க சேர். காத்துக்கிட்டு இருக்கேன்.’ அதற்கும் அதையே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வாரம்: ‘அவசரம் இல்ல சேர். நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்.’

நூற்றொன்பது பெயர் கொண்ட அந்த வகுப்பில் உண்மையாக இருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது புரிந்தது.

உடனே அழைத்திருக்கலாமே என்பீர்கள். தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. ஆனால் உளநலப் பிரிவு ஒரு மாணவரை அழைப்பதென்றால் அந்த மாணவரே முதலில் படிவம் நிரப்ப வேண்டும். படிவம் அலுவலகத்தில், அலுவலகம் பெற்றோல் இல்லாமல் பூட்டுக்குள். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை தனுஜாவின் ஊரான ஹேவாஹெட்டயிலிருந்து செய்தி வந்தது. தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள் என்றார்கள். கணினியில் இருந்ததை அன்றே அழித்தேன்.

முதல் விசாரணைக்கு அவளுடைய தகப்பன் முத்துலிங்கம் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கதிரையின் நுனியில் இருந்தார்.

“செவ்வாக்கெழமயானா ஒங்க கிளாஸுன்னு தலய வாரி பொட்டு வச்சிக்கிட்டு ஒக்காந்துரும் சேர். கேமராதான் போட மாட்டியே, பெறகு எதுக்கு இதெல்லாம்னு கேப்பேன். சேர் நம்மளோட பேசுறாருப்பா, மரியாதையா இருக்க வேணாமான்னும்.”

கைக்குட்டையை மடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“புள்ள யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலீங்களா?”

“சொல்லியிருந்தா நாங்கள் விட்டிருப்பமோ, ஐயா?”

“அப்ப நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்.”

நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரோடு வாதிடக்கூடாது என்று எங்கள் கைந்நூலில் இருக்கிறது. அடுத்த மாதம் இணையவழிக் கற்பித்தலில் சிறப்பு என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். வரவு வீதம் நாட்டுக்கே முன்மாதிரி என்று பீடாதிபதி பேசினார். நான் நன்றியுரையைச் சுருக்கமாக முடித்தேன், தொண்டை.

இப்போது ஹில்மி தன் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த சாட்டின் படங்களை உங்களிடம் தந்திருக்கிறான். கடைசிச் செவ்வாயும், அந்தச் செய்தி வருவதற்கு முதல் நாள், அதில் இருக்கும். அன்றும் நான் வரிசையில் நின்றதாக உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அன்று நான் வீட்டில், திரைக்கு முன்னால் இருந்தேன். அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்ப்பதற்காகவே இருந்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு எழுதினாள்: ‘சேர், நீங்க இத படிக்கிறீங்கன்னா என் பேர மட்டும் ஒரு தடவ சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.’

வந்த உடனேயே வாசித்தேன். திரையில் நான் ‘கேள்விகள் உண்டா’ என்று கேட்டு முடித்திருந்தேன். பதினொரு செக்கன் மௌனம் ஓடியது. என் விரலுக்கு அருகில் ஒலிவாங்கிப் பொத்தான் இருந்தது. தனுஜா என்று சொல்ல ஒரு செக்கன் போதும். ஆனால் திரையில் என் வாய் மூடியிருக்க, குரல் வேறெங்கோ இருந்து வந்திருக்கும். நூற்றொன்பது பேருக்கு முன்னால். அவர்களில் நூற்றெட்டுப் பேர் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன். அளவையியலில் அது ஒரு போலி வாதம், ஒப்புக்கொள்கிறேன்.

‘மிக நல்ல கேள்வி, அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்’ என்று திரையில் சொன்னேன்.

ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு அவளுடைய பெட்டி மறைந்தது. நூற்றெட்டு.

தகப்பனுக்கு நீங்கள் என்ன எழுதி அனுப்புவது என்பது உங்கள் முடிவு. ஆனால் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அன்று, வகுப்பு முடிந்த பதினொரு மணி வரைக்கும், நான் என் இடத்தை விட்டு எழும்பவே இல்லை.