புள்ளி முகத்தில் இருக்கட்டும்

"போன வருசம் உங்க கூட்டாளி எடுத்த படத்துல தீச்சட்டிதான் தெளிவா இருக்கு. தூக்குன எங்கண்ணன் மூஞ்சியக் காணோம்."

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்த பெண் கணவனிடம் சொன்னாள். அவர் கையில் மஞ்சள் காப்பு. அம்மன் புண்ணியத்தில் இந்த வருடம் தீச்சட்டி எடுப்பவர் அவர்தான். கேமரா அவள் மடியில் இருந்தது.

"அது கேமரா கோளாறு."

"இல்லங்க. கேமராவுல போக்கஸ் புள்ளி எல்லாத்தையும் தெறந்து விட்டா கிட்ட இருக்கறதத்தான் புடிக்கும். நான் ஒரே புள்ளி வெச்சிருக்கேன். போக்கஸயும் பின்பட்டனுக்கு மாத்திட்டேன். பெருவெரலால அமுக்கிக்கிட்டே இருந்தா, ஆளு நடந்தாலும் முகத்தோடயே வரும்."

"எங்கூட்டாளிக்கு அது தெரியாதுடி. மேல் பட்டன மட்டும் அமுக்குவான், எல்லாம் மங்கிரும். பழையபடி மாத்தி அவன்கிட்ட குடு."

"மாத்தவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன். நாந்தான் எடுப்பேன்."

"அத்தன ஆம்பளைக்கு நடுவுல நிப்பியா? எங்கம்மா என்னா சொல்லும்?"

"உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். கோயில்ல இருக்கறவளும் பொம்பளதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"சட்டியத் தூக்கிட்டு நேராப் பாத்து நடங்க. புள்ளி உங்க கண்ணுல இருக்கும்."