நாளைய வகுப்புக்கு ஒரு கை

நர்ஸ்: ...அதுக்கு ஏன் கதவைச் சாத்துறீங்க?

டாக்டர்: யாராவது பார்த்துட்டா?

நர்ஸ்: பார்த்தா என்ன? சாப்பாட்டு நேரத்துல புருஷனும் பொண்டாட்டியும் மாவுக்கட்டு ரூம்ல உட்கார்ந்து பேசக் கூடாதா?

டாக்டர்: பேச வரலைம்மா. எனக்கு... நீ சிரிக்கக் கூடாது.

நர்ஸ்: சொல்லுங்க.

டாக்டர்: மாவுக்கட்டு போட மறந்துபோச்சு.

நர்ஸ்: க்ளுக்...

டாக்டர்: சிரிக்கிற.

நர்ஸ்: இல்லையே. எலும்புப் பிரிவுத் தலைவர். பயிற்சிக் கையேடு நாற்பது பக்கம் எழுதினவர். முதல் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு போட்டோ வேற...

டாக்டர்: எழுதுறது வேற, போடுறது வேற. பதினோரு வருஷமா இங்க எல்லாக் கட்டும் நீதான் போடுற. நான் மீட்டிங் போறேன்.

நர்ஸ்: அதையும் குறை சொல்ல முடியாது. ஒழுங்காப் போறீங்க.

டாக்டர்: நாளைக்குப் பன்னிரண்டு டாக்டருங்க வர்றாங்க. எல்லாம் சின்னச் சின்ன ஆஸ்பத்திரி. அங்க கட்டுப் போடத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் கிடையாது. நாம அரைகுறையா சொல்லிக்கொடுத்தா, கோணலாச் சேர்ந்த கைங்க இன்னும் நிறைய வந்து வரிசையில நிக்கும்.

நர்ஸ்: சொல்லிக்கொடுக்கப் போறது நான். உங்களுக்கு வரவேற்புரை மட்டும்தான். அதைச் சுருக்கினாலே பாதிப் பயிற்சி முடிஞ்ச மாதிரி.

டாக்டர்: ஒருவேளை உனக்கு முடியலைன்னா?

நர்ஸ்: எனக்கு ஏன் முடியாது?

டாக்டர்: சும்மா... பேச்சுக்கு.

நர்ஸ்: பொம்மைக் கை கேட்டு எழுதினீங்களே, அதுல பழகுங்களேன்.

டாக்டர்: பன்னிரண்டு கை கேட்டேன். ஒரு கால் வந்திருக்கு.

நர்ஸ்: ஒரே ஒரு காலா?

டாக்டர்: கண்ணாடிப் பெட்டிக்குள்ள. பெட்டிச் சாவி தலைமை அலுவலகத்துல இருக்காம்.

நர்ஸ்: நல்லதாப் போச்சு. நடந்து எங்கயும் போயிடாது.

டாக்டர்: உன் கையைக் கொடேன்.

நர்ஸ்: ...இடது கையில போடுங்க. வலது கையால எழுதற வேலை இருக்கு.

டாக்டர்: இடதே போதும்.

நர்ஸ்: முதல்ல பஞ்சு. முழங்கைக்குக் கீழேருந்து. மெல்ல... மெல்லங்க. பார்சலா கட்டுறீங்க?

டாக்டர்: இப்படியா?

நர்ஸ்: ம். மாவுத்துணியைத் தண்ணியில போடுங்க. குமிழி அடங்கட்டும். இப்பப் பிழியுங்க... ஸ்ஸ்...

டாக்டர்: வலிக்குதா?

நர்ஸ்: தண்ணி சூடு.

டாக்டர்: ஆறிப்போன தண்ணிம்மா.

நர்ஸ்: அப்ப குளிரு. என்னது, ஒரு பக்கம் மட்டும் பட்டையா வைக்கறீங்க? உங்க கையேட்டுல முழுக்கட்டுதானே முதல் பாடம்?

டாக்டர்: அடிபட்ட கை முதல் ரெண்டு நாள் வீங்கும். சுத்திப் போட்டா இறுகிடும்.

நர்ஸ்: என் கை எங்க வீங்கப் போகுது?

டாக்டர்: பழகும்போதே ஒழுங்காப் பழகணும்ல.

நர்ஸ்: விரல் நுனியால அழுத்தாதீங்க. பள்ளம் விழுந்து உள்ள புண்ணாகும். உள்ளங்கையால தடவுங்க. மேஜையைத் தட்டியே பழகின கை...

டாக்டர்: சரி, சரி. துணியைச் சுத்திட்டேன். விரலை அசை.

நர்ஸ்: அசையுது.

டாக்டர்: மரத்துப்போகுதா?

நர்ஸ்: இல்ல.

டாக்டர்: நூத்துக்கு எவ்வளவு?

நர்ஸ்: அறுபது. புருஷனாச்சேன்னு அறுபத்தஞ்சு.

டாக்டர்: அவிழ்த்துடட்டுமா?

நர்ஸ்: இருக்கட்டும்.

டாக்டர்: எவ்வளவு நேரம்?

நர்ஸ்: ...ஒரு ஆறு வாரம்.

டாக்டர்: ம்.

நர்ஸ்: ஏன்னு கேக்க மாட்டீங்களா?

டாக்டர்: காலைல ஈரப் படியில வழுக்கி விழுந்தே. எட்டு மணிக்கு யாருக்கும் தெரியாம எக்ஸ்ரே எடுத்தே. எட்டேகாலுக்குப் படம் என் மேஜையில. மணிக்கட்டுல விரிசல். எலும்பு விலகல.

நர்ஸ்: யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்த எக்ஸ்ரேக்காரர் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாரே.

டாக்டர்: சொல்லல. காட்டினார்.

நர்ஸ்: தெரிஞ்சும் வாயைத் திறக்கல நீங்க.

டாக்டர்: உட்காருன்னா உட்கார்ந்திருப்பியா? ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு, நாளைக்கு ரெண்டு கையாலயும் வகுப்பு எடுத்திருப்பே.

நர்ஸ்: நான் லீவு போட்டா அது உங்க தலையில விழும். பன்னிரண்டு பேர் முன்னாடி நீங்க முழிக்கறதை... என்னால பார்க்க முடியாதுங்க.

டாக்டர்: பார்க்க வேண்டாம். பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திட்டு. நான் போடுறேன்.

நர்ஸ்: அப்ப மறந்துபோச்சுன்னு சொன்னதெல்லாம் என்னை உட்கார வைக்கத்தானா? நானும் பாவம்னு நம்பி...

டாக்டர்: இல்லம்மா, அது நிஜம். உன் கையில தப்புப் பண்ணிடக் கூடாதுன்னு காலைலேருந்து என் கால்ல மூணு தடவை போட்டுப் பார்த்தேன். முதல் ரெண்டும் தானா நழுவிடுச்சு. மூணாவது கட்டு இப்பவும் பேன்ட்டுக்குள்ளதான் இருக்கு... கழட்டத் தெரியல.